ஹம் தமிழர் எல்லோரும் வாசித்த புத்தகம்

அந்த ஜூன் மாதம் முழுவதும் வெரோனிக்காவின் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஏழு தாள்கள் ஒட்டியிருந்தன. குடும்பம், காலநிலை, வைத்தியரிடம் போதல், குப்பை பிரித்துப் போடுதல், விடுமுறை, அயலவர், கடைசியாகப் புத்தகம். எல்லாம் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், கொட்வின் மாஸ்டர் கைப்பட எழுதி, போட்டோக்கொப்பி அடித்துக் கொடுத்தவை. வாய்மொழிப் பரீட்சையில் இந்த ஏழில் ஒன்றுதான் வரும், வேறு எதுவும் வராது என்று மாஸ்டர் அடித்துச் சொல்லியிருந்தார். ஜேர்மனியின் ஹம் நகரத்துத் தமிழருக்கு மாஸ்டர் சொல்லில் இருந்த நம்பிக்கை, ஞாயிறு பூசையில் பாதிரியார் சொல்வதில் இருந்ததைவிட ஒரு பிடி கூட என்றே சொல்லவேண்டும்.

மாஸ்டர் உண்மையில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் அல்ல. மன்னார் தபாற்கந்தோரில் இருந்தவர். எண்பத்துநான்கிலேயே ஜேர்மனிக்கு வந்துவிட்டதால் மற்றவர்களுக்கு முன்னமே மொழி பிடிபட்டுவிட்டது. பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் ஒரு மணி நேரம் சும்மா சொல்லிக்கொடுப்பார். ஒரு சதம் வாங்க மாட்டார். அதனால் அவரிடம் குறுக்குக் கேள்வி கேட்க யாருக்கும் மனம் வராது.

புத்தகத் தாளில் பதினொரு வசனங்கள் இருந்தன. 'நான் அண்மையில் ஒரு நல்ல புத்தகம் வாசித்தேன். அது ஒரு வெளிச்சவீட்டுக் காவல்காரரையும் அவருடைய நாயையும் பற்றியது. காவல்காரர் தனிமையில் வாழ்கிறார். நாய் விசுவாசமானது. ஒரு நாள் பெரும் புயல் வருகிறது...' இப்படிப் போய், 'இந்தப் புத்தகம் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது நட்பைப் பற்றியது' என்று முடியும். அடியில், பரீட்சைக்குச் சோடியாக வருபவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றும், அதற்கான விடையும். அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. அது மாஸ்டரின் மகன் இரண்டாம் வகுப்பில் வாசித்தது என்று சிலர் சொன்னார்கள். அப்படி ஒரு புத்தகமே கிடையாது என்றும் சிலர் சொன்னார்கள், மாஸ்டர் இல்லாத இடத்தில்.

வெரோனிக்காவுக்கு அப்போது வயது நாற்பத்துமூன்று. மன்னார் பேசாலைக்காரி. புருஷன் யோசேப்பு கதவுப்பூட்டுத் தொழிற்சாலையில் முறை வேலை. அவள் ஒன்பது வருடமாக ஒரு வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறாள். ஒன்பது வருடத்தில் அந்த இல்லத்தில் அவள் பேசிய டொச்சை ஒரு தாளில் எழுதிவிடலாம். காலை வணக்கம், ஆம், இல்லை, முடிந்தது, நன்றி. வாயைத் திறந்தால் பிழை வரும், பிழை வந்தால் சிரிப்பார்கள் என்பது அவளுடைய எண்ணம். அவளுடைய மகள்மாரே சிரிக்கிறவர்கள், பிறகு வெள்ளைக்காரரைச் சொல்லி என்ன?

வசந்த காலத்தில் இல்லத்துக்காரர் ஒரு செய்தி சொன்னார்கள். ஆகஸ்ட் முதலாம் தேதியோடு சமையலறையை மூடுகிறோம், சாப்பாடு இனி வெளியிலிருந்து லொறியில் வரும். கழுவுகிறவர்களுக்கு வேலை இல்லை. ஆனால் தாதிமாரின் தலைவி பிறிங்மன் அம்மா வெரோனிக்காவைத் தனியே கூப்பிட்டு, முதியோரைப் பராமரிக்கும் உதவியாளர் அவுஸ்பில்டுங்குக்கு ஒரு இடம் இருக்கிறது, ஒரு வருடப் பயிற்சி, அதை உனக்காக வைத்திருக்கிறேன், ஜூலை முடிவதற்குள் டொச் சான்றிதழைக் கொண்டுவா என்றாள். கொண்டுவராவிட்டால்? அதை அந்த மனுசி சொல்லவில்லை. வெரோனிக்காவும் கேட்கவில்லை. நாற்பத்துமூன்று வயதில், டொச் வராத ஒருத்திக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சட்டி கழுவும்போது நாய், பஸ்ஸில் நாய், செபமாலை சொல்லும்போதும் இடையில் புகுந்து குரைக்கிற அளவுக்கு அந்த நாய்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை வந்தது. உலகக் கோப்பைக் காலம் அது. தெருவில் ஓடிய கார்களில் எல்லாம் கொடி பறந்தது. ஊரே கொண்டாட்டத்தில் இருக்க, வெரோனிக்கா மட்டும் மடு மாதாவுக்கு நேர்ந்துகொண்டு படியேறினாள். காலையில் எழுத்துப் பரீட்சை. அதை எப்படியோ முக்கி முனகி எழுதி முடித்தாள். மத்தியானம் வாய்மொழி. அதற்கு இருவர் இருவராகக் கூப்பிடுவார்கள். ஒருவர் பேச, மற்றவர் கேள்வி கேட்கவேண்டும், பிறகு மாறி. கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பெயரைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்தோனிப்பிள்ளை.

அந்தோனிப்பிள்ளை அண்ணை இரும்புக்கு முலாம் பூசும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். ஐம்பத்தேழு வயது. பிரஜாவுரிமைக்காக இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தவறியவர். கோவில் மண்டபத்தில் வெரோனிக்காவுக்கு முன் வாங்குப் பலகையில் இருந்து, அதே ஏழு தாளைத் தலையை ஆட்டி ஆட்டிப் பாடமாக்கியவர்.

ஆயத்த அறையில் இருவரையும் இருத்தி, ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்தார்கள். இரண்டு துண்டிலும் ஒன்றுதான் எழுதியிருந்தது. அண்மையில் வாசித்த ஒரு புத்தகம், அதைப் பற்றிய உங்கள் கருத்து. இருபது நிமிடம். பேசக்கூடாது. காவலுக்கு ஒரு பெண் ஜன்னலோரம் பின்னல் பின்னிக்கொண்டிருந்தாள்.

அண்ணை வாயை அசைக்காமல் கேட்டார். "நாயோ?"

"நாய்தான் அண்ணை."

"ஐயோ மாதாவே!"

பின்னல்காரி விரலை உயர்த்தினாள். சிறிது நேரம் பொறுத்து அண்ணை மறுபடி தொடங்கினார். "பிள்ளை, எனக்கு வேற ஒண்டும் வராது. ஏலாது."

'எனக்கு மட்டும் வருமோ?' என்று வெரோனிக்கா மனதுக்குள் கத்தினாள். அண்ணையைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது உண்மை. ஆனால் பாவம் பார்த்தால் ஆகஸ்டில் அவளுடைய நிலை என்ன? உள்ளே போனதும் முந்திக்கொண்டு தொடங்கிவிடவேண்டும் என்று தீர்மானித்தாள். அப்படித் தீர்மானித்ததற்கு வெட்கமும் பட்டாள். தீர்மானத்தை மட்டும் மாற்றவில்லை.

இதே மாதிரி ஒரு வாங்கில் அவள் முன்பும் ஒருமுறை இருந்திருக்கிறாள். தொண்ணூற்றொன்றில், அகதி விசாரணைக்கு. அவளுடைய வீடு உண்மையிலேயே எரிந்தது. தாலியையும் ஒரு பையையும் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன், வீடு எரிந்த கதை இப்போது எடுபடாது, தம்பியைப் பிடித்துக்கொண்டு போன கதையைச் சொல்லு என்று ஒரு கதையைப் பாடமாக்கித் தந்தான். அவளுக்குத் தம்பியே இல்லை. அவள் சொல்லி முடித்ததும் அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார், "இந்தத் தம்பியை இன்று காலையில் மட்டும் மூன்றாவது முறையாகப் பிடிக்கிறார்களே, அம்மா?" விண்ணப்பம் தள்ளுபடி. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று புதுப்பிக்கிற தற்காலிக விசாத் தாளோடு எட்டு வருடம் போயிற்று.

ஒருமுறை பட்டது போதாதா? மறுபடியும் அடுத்தவன் எழுதிய கதையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறேனே என்று வெரோனிக்கா தன்னையே நொந்துகொண்டாள்.

பரீட்சை அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். கட்டையாக வெட்டிய நரைமுடியோடு ஒரு அம்மா, கண்ணாடி போட்ட ஒரு இளைஞர். யார் முதலில் என்று அந்த அம்மா கேட்டாள். வெரோனிக்கா வாயைத் திறந்தாள். முதல் வசனத்தைத் தேடினாள். அந்த ஒரு நொடிக்குள், நிறுத்தினால் மறந்துபோகும் என்ற பயத்தில் அண்ணை தண்ணீர்க் குழாயைத் திறந்த மாதிரித் தொடங்கிவிட்டார். வெளிச்சவீடு வந்தது, காவல்காரர் வந்தார், நாய் வந்தது, புயல் அடித்தது, நட்பு வந்து முடிந்தது. பதினொரு வசனம், மூச்சு விடாமல்.

கண்ணாடிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்கள் நாட்டில் இது மிகவும் புகழ்பெற்ற புத்தகமோ? சென்ற பரீட்சையிலும் ஐந்து பேர் வாசித்திருந்தார்கள்" என்றார். அண்ணைக்கு அது விளங்கவில்லை. "ஆம், மிக நல்லது" என்றார்.

நரைமுடி அம்மா நாயின் பெயர் என்னவென்று கேட்டாள். அது தாளில் இல்லை. "நாய்... பெயர் இல்லை. அங்கே ஒரு நாய்தான்" என்றார் அண்ணை. பிறகு அவள் வெரோனிக்காவின் பக்கம் திரும்பி, நீங்கள் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள் என்றாள். வெரோனிக்காவுக்கு டொச்சில் தெரிந்த ஒரே கேள்வி தாளின் அடியில் இருந்த கேள்விதான். அதைக் கேட்டாள். முடிவு எப்படி இருந்தது? அண்ணைக்கு உயிர் வந்தது. அடியில் இருந்த விடையை மணி அடித்த மாதிரிச் சொன்னார்.

"நீங்கள்? நீங்களும் நாய்ப் புத்தகமா?" என்று அந்த அம்மா கேட்டாள். கேட்டவிதம் பகடி மாதிரியும் இருந்தது, எச்சரிக்கை மாதிரியும் இருந்தது.

"இல்லை" என்றாள் வெரோனிக்கா. சொன்ன பிறகுதான், அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தாள். அவள் டொச்சில் எந்தப் புத்தகத்தை வாசித்தாள்? யோசிக்க யோசிக்க ஒன்றே ஒன்றுதான் கண்ணுக்குள் வந்தது. சமையலறைக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் கறுப்பு மட்டைக் கொப்பி.

அதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். வினைச்சொல் எல்லாம் இடம் மாறி விழுந்தன. ஆண்பாலும் பெண்பாலும் கலந்தன. அவள் சொன்னதன் சாரம் இதுதான்: எங்கள் சமையலறையில் ஒரு புத்தகம் இருக்கிறது. நான் அதை ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு வாசிக்கிறேன். தாதிமார் அதில் எழுதுகிறார்கள். மூன்றாம் அறைக்குச் சீனி வேண்டாம். ஒன்பதாம் அறைக்கு இறைச்சியை அரைத்துக் கொடுக்கவேண்டும். பதினான்காம் அறையில் ஒரு ஐயா இருக்கிறார். அவரைப் பற்றி, உருளைக்கிழங்கு மசியலை மறுக்கிறார், துப்புகிறார், கோபப்படுகிறார் என்று எழுதியிருக்கிறது. ஒரு வருடமாக அதையே எழுதி வந்தார்கள்.

"உங்கள் கருத்து என்ன?" என்றார் கண்ணாடிக்காரர். சிரிப்பு முகத்தில் இல்லை.

"புத்தகம் நல்லது. ஆனால் பாதிதான் இருக்கிறது" என்றாள் வெரோனிக்கா. "நான் தட்டுக் கழுவுகிறேன். யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்று தட்டு எனக்குச் சொல்லும். ஒரு நாள் சமையலறையில் சாதிக்காய் முடிந்துவிட்டது. அன்று பதினான்காம் அறைத் தட்டு வெறுமையாக வந்தது. அவருக்கு மசியல் பிடிக்காமல் இல்லை. சாதிக்காய்தான் பிடிக்காது. அவரால் அதைச் சொல்ல ஏலாது. இப்போது நான் சாதிக்காய் போட முன்னம் அவருக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்கிறேன். அது புத்தகத்தில் இல்லை."

"நீங்கள் ஏன் அதை எழுதவில்லை?"

"எனக்குப் பயம். பிழையாக எழுதுவேன்."

நரைமுடி அம்மா அண்ணையைப் பார்த்து, உங்கள் கேள்வி என்றாள். அண்ணையிடம் இந்தப் புத்தகத்துக்குத் தாளும் இல்லை, அடியில் கேள்வியும் இல்லை. அவர் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தார். பிறகு ஒரு சின்னக் கேள்வி கேட்டார்.

"அவர் இப்போது சாப்பிடுகிறாரா?"

"சாப்பிடுகிறார்" என்றாள் வெரோனிக்கா. "ஆனால் ஆகஸ்டில் சாப்பாடு லொறியில் வரும். லொறிக்கு அவரைத் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும், உளறிவிட்டேன், ஒரு சமையலறைக் கொப்பியைப் புத்தகம் என்று சொல்லிவிட்டேன், எல்லாம் போயிற்று என்று யோசேப்பிடம் அழுதாள். "கொப்பியும் புத்தகம்தானப்பா, அழாதை" என்றான் யோசேப்பு. அவனுக்கும் உள்ளுக்குள் அப்படித் தோன்றவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை அவள் கறுப்புக் கொப்பியில், ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, ஒரு வரி எழுதினாள். அறை பதினான்கு, சாதிக்காய் வேண்டாம். மறுநாள் யாரோ சிவப்புப் பேனாவால் எழுத்துப் பிழையைத் திருத்தி, பக்கத்தில் நன்றி என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்ததில் ஒரு நாள் ஆறுதல். மற்ற நாளெல்லாம் தபால்பெட்டியைப் பார்ப்பதிலேயே போயிற்று. ஐந்து கிழமை. ஜூலை இருபத்தைந்து ஆகியும் கடிதம் வரவில்லை. பிறிங்மன் அம்மா எதிரே வந்தால் வெரோனிக்கா குளிர் அறைக்குள் நுழைந்து ஒளிந்தாள்.

இருபத்தேழாம் தேதி வந்தது. கடிதத்தை உடைக்கத் தைரியம் இல்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். கடைசித் தட்டையும் கழுவி முடித்துவிட்டு, உருளைக்கிழங்கு மூட்டையில் இருந்து உடைத்தாள். எழுத்துப் பரீட்சையில் மட்டுமட்டாகச் சித்தி. வாய்மொழியில் மிக நன்று. மூன்று தரம் வாசித்தாள். பெயர் தன்னுடையதுதானா என்று பார்த்தாள். பிறகு அந்த மூட்டையிலேயே இருந்து, ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதாள். அழுது முடித்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு பிறிங்மன் அம்மாவிடம் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி கேக்கோடு மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். அங்கே அந்தோனிப்பிள்ளை அண்ணை முன்னமே வந்து இருந்தார். மடியில் அவருடைய கடிதம். மூன்றாம் முறையும் தவறிவிட்டது. வெரோனிக்காவுக்குக் கேக் பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மாஸ்டருக்கோ தலைகால் புரியாத சந்தோசம். "வாய்மொழியில மிக நன்று! எங்கட ஆக்களில ஒருத்தரும் எடுத்ததில்லை. என்னத்தைச் சொன்னனீ, ஒரு சொல்லு விடாமல் சொல்லு பிள்ளை, எழுதுறன்" என்று பேனாவைத் திறந்தார். "நாய் பழசாப்போச்சு. இனி இதைக் கொப்பி அடிச்சு எல்லாருக்கும் குடுப்பம். அந்தோனியும் அக்டோபரில இதையே சொல்லட்டும்."

வெரோனிக்காவுக்குப் பகீரென்றது. அக்டோபரில் ஹம் தமிழர் அத்தனை பேரும் பதினான்காம் அறை ஐயாவுக்கு மசியல் கொடுப்பார்கள். நரைமுடி அம்மா கேட்டுவிட்டு என்ன நினைப்பாள்? இவளும் அன்றைக்குத் தாளில் இருந்ததைத்தான் ஒப்புவித்தாள் என்று நினைக்க மாட்டாளா? சான்றிதழைத் திருப்பிக் கேட்டால்? ஆனால் மாஸ்டருக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது? அவர் கற்றுத் தராவிட்டால் எழுத்தில் அந்த மட்டுமட்டும் கிடைத்திருக்காது.

"வேண்டாம் மாஸ்டர்" என்றார் அந்தோனிப்பிள்ளை.

மாஸ்டர் நிமிர்ந்தார். "ஏன்? உனக்குத்தானே சொல்லுறன்."

"அந்த மனிசன் இவளின்ர கையால சாப்பிடுறவர். நான் போய் என்னெண்டு அவரை என்ர ஆள் எண்டு சொல்லுறது? கூசும் மாஸ்டர்."

"அப்ப நீ என்னத்தை வாசிச்சனீ, சொல்லன் பாப்பம்!" மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். "மருந்துப் பெட்டிக்குள்ள ஒரு தாள் இருக்கும்" என்றார். "என்ர மனிசி றோசம்மா இப்ப புதுசாப் போடுற குளிசைக்கு. மடிச்சுக் கிடக்கிற நேரம் சின்னன். விரிச்சால் மேசை நிறைய வரும். அவ குளிக்கப் போற நேரம் நான் அகராதி வைச்சுக்கொண்டு வாசிக்கிறனான். நாலு மாசமா வாசிக்கிறன்."

"அதெல்லாம் ஒரு புத்தகமே?" என்றார் மாஸ்டர். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"டொக்டர் கெதியாக் கதைக்கிறார், எனக்கு விளங்கிறேல்லை. நான் ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாறன். அந்தத் தாளில, இன்னின்னது வந்தால் உடன டொக்டரிட்டச் சொல்லுங்கோ எண்டு ஒரு பட்டியல் இருக்கு." அண்ணையின் விரல்கள் மடியில் இருந்த கடிதத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்தன. "அதில நாலு அவவுக்கு இருக்கு. கால் வீக்கம் போன கிழமை தொடங்கினது. நான் இன்னும் அவவுக்குச் சொல்லேல்லை. டொக்டருக்கும் சொல்லேல்லை. சொல்ல எனக்கு டொச் இல்லை."

மாஸ்டர் பேனாவை மூடினார். கால், வீக்கம், குளிசை, நாலு மாதம். ஒவ்வொரு சொல்லுக்கும் டொச்சில் என்ன சொல்வதென்று வெரோனிக்காவின் மனம் அவசர அவசரமாகத் தேடியது. பாதிதான் கிடைத்தது.

"நாளைக்குக் காலமை அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ அண்ணை" என்றாள். "நான் வாறன். டொக்டரோட நான் கதைக்கிறன்."